அந்தோனியாருக்குப் பக்கத்தில் நிற்கிற கார்ட்

1

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முல்லைத்தீவுக் கரையில் நான் ஞானஸ்நானம் பெற்ற அதே கோயிலில், என்னுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பாதர் என் முழுப்பெயரையும் பிழையில்லாமல் வாசித்தாராம். சனம் முழங்காலில் நின்று செபித்ததாம். நான் அந்த நேரம் நோர்வேயில், வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றேன்.

வழுக்கி விழுந்து மண்டை உடையப் போகிறது என்று அன்று காலையில்தான் மனைவி ஜெனிற்றாவிடம் சொல்லியிருந்தேன். உடையவில்லை. ஊர்ச்சனத்தின் செபமாக இருக்கலாம்.

இது எப்படி நடந்தது என்று ஊரில் பலவிதமான கதைகள் உலாவுவதாக அறிகிறேன். நான் செத்துப் பிழைத்ததாக ஒரு கதை. பிரேதம் மாறிப்போனதாக இன்னொரு கதை. ஒன்றும் இல்லை. எல்லாம் கிறிஸ்து பிறப்புக்கு அனுப்புகிற ஒரு நத்தார் கார்ட்டால் வந்தது. என் கையால் வெட்டி, ஒட்டி, சீல் குத்திச் செய்த கார்ட். இப்போது திரும்பவும் மார்கழி வந்து, மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து அதே கடிதம் திரும்பவும் வந்திருப்பதால், நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதியதால் ஏதும் கரைச்சல் வருமோ என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

2

நான் இருப்பது நோர்வேயின் வடக்கில், கடலோரத்துச் சின்னப் பட்டினம் ஒன்றில். மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. நாயாற்று மீன்வாடியில், அக்காவின் கணவரான அத்தானோடு இறால் பிடித்துத் திரிந்தவனுக்கு இங்கேயும் மீன்தான் சோறு போடுகிறது. அங்கே மீனை நாங்கள் தேடிப்போனோம். இங்கே மீன் ஓடுகிற இயந்திரப் பட்டியில் படுத்தபடி என்னைத் தேடி வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். மார்கழியில் இந்தப் பக்கம் சூரியன் எழும்புவதே இல்லை. மத்தியானம் ஒரு மங்கல் வெளிச்சம் எட்டிப் பார்க்கும். கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற உத்தியோகத்தர் மாதிரி உடனே போய்விடும்.

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். அந்தக் ‘கொஞ்சம்’ தேவையில்லை என்பது ஜெனிற்றாவின் அபிப்பிராயம். கடிதம் வந்தால் என்ன வில்லங்கமோ என்று பயம். வராவிட்டால் வழியில் தொலைந்துபோயிருக்கும் என்று பயம். தெரியாத நம்பரில் ரெலிபோன் வந்தால் எடுக்கவே மாட்டேன். இந்தக் கடைசிப் பழக்கத்தை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

அக்காவோடு எனக்கிருந்த பேச்சுவார்த்தையைக் கெடுத்ததும் பயம்தான். அக்காவின் பெயர் பிலோமினா. எனக்கு ஒரே அக்கா. மூன்று வருடத்துக்கு முந்தி அவருடைய மகளுக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு ஊர் பளை. பெண்ணுக்குத் தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன். கட்டாயம் வருகிறேன் என்று சொல்லி ரிக்கெற்றும் எடுத்தேன். அதற்குப் பிறகு யோசிக்கத் தொடங்கினேன். நுளம்பு கடிக்காமல் படுக்க வலை வாங்கினேன். வயிற்றோட்டத்துக்கு இரண்டு விதமான குளிசை வாங்கினேன். கொழும்பில் இருந்து முல்லைத்தீவு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு, அதையும் தவறவிட்டால் வவுனியாவில் இறங்கி எதில் ஏறுவது என்று ஒரு கொப்பியில் எழுதினேன். எல்லாவற்றையும் யோசித்தவன் கடவுச்சீட்டின் கடைசித் திகதியை மட்டும் பார்க்கவில்லை.

புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது, வேலையிடத்தில் ஒருவர் சும்மா கேட்டார், ஆறு மாதம் செல்லுபடியாகுந்தானே என்று. ஐந்து மாதமும் சொச்சமும் இருந்தது. இங்கே கடவுச்சீட்டுக் கொடுப்பது பொலிஸ்தான், அடுத்த நாளே பொலிஸ் கந்தோருக்கு ஓடினேன். ஊர் வழக்கப்படி ஆறு படமும் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் எந்தக் கந்தோருக்குப் போவதென்றாலும் சட்டைப்பைக்குள் நாலு படமாவது இருக்க வேண்டும். இங்கே தாங்களே அந்த இடத்தில் படம் எடுப்பார்களாம். என் ஆறு படமும் அப்படியே மிஞ்சியது. புதுச் சீட்டு, கல்யாணம் முடிந்து ஆறாம் நாள் தபாலில் வந்தது.

கல்யாணப் படத்தை அத்தான் அனுப்பியிருந்தார். முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அக்காதான் போடச் சொன்னாராம். எடுக்கச் சொல்லிக் கமராக்காரன் எவ்வளவோ கெஞ்சியும் அக்கா விடவில்லையாம்.

அன்றில் இருந்து நான் எப்போது எடுத்தாலும் அத்தான்தான் ரெலிபோனில் வருவார். “அக்கா எங்கை, அத்தான்?” என்று கேட்டால், “உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிக்கிறா” என்பார். காலையில் எடுத்தாலும் தோய்ச்சல், மாலையில் எடுத்தாலும் தோய்ச்சல், பெரிய வெள்ளியன்று எடுத்தாலும் தோய்ச்சல். இரண்டு வருடம் அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

எனக்கு நித்திரை கெட்டது அப்போதுதான். எனக்கோ அக்காவுக்கோ ஏதாவது நடந்தால், கடைசியாக எங்களுக்குள் இருந்தது ஒரு வெறுங்கதிரை என்றல்லவா ஆகிவிடும்.

3

போன மார்கழி, மகள் ஷரோனின் பள்ளிக்கூடத்தில் இருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் சிறுவர் நலத் திணைக்களத்தார் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். திறந்து பார்த்தால், பின்னேரம் வந்து பிள்ளைகளோடு சேர்ந்து நத்தார் கார்ட் செய்யுங்கள், பசையும் கடதாசியும் நாங்கள் தருவோம் என்று இருந்தது. இங்கே அது ஒரு வழமை. வைத்தியரும் வருவார், லொறி ஓட்டுகிறவரும் வருவார், எல்லாரும் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்டக் குந்தியிருந்து கடதாசி வெட்டுவார்கள்.

ஷரோனுக்குப் பதினொரு வயது. தமிழில் ஒரு வசனத்தைத் தொடங்கி நோர்வே மொழியில் முடிப்பாள். நான் முழுவதும் நோர்வே மொழியில் சொன்னால், “அப்பா, தமிழிலேயே சொல்லுங்கோ, அதுதான் கெதியா விளங்கும்” என்பாள். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ரீச்சர் இங்கர் முதலில் எப்படிச் செய்வது என்று காட்டினார். தடித்த வெள்ளை மட்டையை இரண்டாக மடித்து, முன்பக்கத்தைத் திரும்பவும் பாதியில் மடித்தால், கதிரையின் சாய்மானம்போல ஒரு அமைப்பு வரும். அதன்மேல் இன்னொரு மட்டையை ஒட்டினால் கார்ட் தன்பாட்டில் மேசையில் நிற்கும். நிற்கிற கார்ட். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வெளிச்சம். படுக்கிற கார்ட் என்றால் அக்கா அலுமாரிக்குள் போட்டுவிட்டு உடுப்புத் தோய்க்கப் போய்விடுவார். நிற்கிற கார்ட்டை அப்படிச் செய்ய ஏலாது. எங்காவது நிறுத்தத்தான் வேண்டும். அக்கா வீட்டில் நிறுத்துவதற்கு இருப்பது ஒரே இடம், அந்தோனியார் சுரூபம் இருக்கிற தட்டு. காலையும் மாலையும் செபம் சொல்ல அதற்கு முன்னால்தான் நிற்பார். அந்தோனியாரைப் பார்க்கிற கண் என்னையும் பார்க்கத்தானே வேண்டும்.

இந்தக் கார்ட் அக்காவை ரெலிபோனுக்குக் கொண்டுவரும் என்று முடிவெடுத்தேன். கொண்டுவந்தது உண்மை.

ரீச்சர் பிறகு ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார். பெட்டி நிறைய றப்பர் சீல். பனி மனிதன், மான், மரம், நட்சத்திரம், மெழுகுதிரி, புறா. பிள்ளைகள் அதை அள்ளி எடுத்துக் கண்டபாட்டுக்குக் குத்தினார்கள். எனக்குப் பக்கென்றது. எங்கள் ஊரில் சீல் விளையாட்டுச் சாமான் இல்லை. கிராம சேவையாளர் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருப்பார். ஒரு சீலுக்காக அப்பாவோடு விடியக் காலமை போய் வரிசையில் நின்றிருக்கிறேன். ஊரைவிட்டு வெளியில் போகிற பாஸுக்குச் சீல், நிவாரண அரிசிக்குச் சீல், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கும் சீல். சீல் கொஞ்சம் சரிந்து விழுந்தால் அடுத்த கந்தோரில் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே நான் ஒவ்வொன்றையும் மையில் இரண்டு தரம் தட்டி, வேறு கடதாசியில் குத்திப் பார்த்து, மட்டம் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு குத்தி, ஊதிக் காயவைத்தேன். பக்கத்தில் இருந்த பையனின் தகப்பன் நான் குத்துகிறதைப் பார்த்துவிட்டுத் தன் கார்ட்டை மெதுவாக மறைத்தார்.

இனி நான் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

மை. சிவப்பும் பச்சையும் ஈரம் பட்டால் ஊறும் என்று ரீச்சர் சொன்னார். அக்கா வீடு கடற்கரையில். மார்கழியில் அங்கே மழை. உப்புக்காற்று தகரத்தையே தின்னும். கறுப்பு மை மட்டும் ஒரு நாளும் அழியாதாம். ஆகவே முழுக்கக் கறுப்பு.

படம். பனி மனிதன் யாரென்று அக்கா கேட்டால் யார் விளங்கப்படுத்துவது. மானை ஏன் அனுப்பினான் என்று அத்தான் பகிடி பண்ணுவார். மெழுகுதிரிதான் கோயில் சாமான், யாருக்கும் பிழை பிடிக்க ஏலாது. ஒன்று குத்தினால் ஒரு பக்கம் வெறுமையாகத் தெரிந்தது. மற்றப் பக்கமும் ஒன்று குத்தினேன். மேலே புறா. சுற்றிவர இலைக்கொடி.

நடுவில் என்னுடைய படம் வைத்தால் நல்லது என்று ஷரோன் சொன்னாள். வீட்டுப் படம் ஒன்றிலும் மூன்று பேரும் ஒன்றாகக் கண் திறந்திருக்கவில்லை. பேர்ஸுக்குள் பார்த்தேன். பொலிஸ் கந்தோர் வேண்டாம் என்று சொன்ன ஆறு படத்தில் ஒன்று இருந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோட், வாய் இறுக்கி மூடி, கண் நேரே. கடவுச்சீட்டுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு எடுத்தது.

“இதிலை நீங்கள் கோவமா, அப்பா?” என்று ஷரோன் கேட்டாள்.

“இல்லையம்மா. இது சட்டப்படி.”

முட்டை வடிவத்தில் வெட்டுகிற ஒரு கருவி இருந்தது. படத்தை அதில் வெட்டி நடுவில் ஒட்டினேன். கன எடுப்பாக இருந்தது.

சொல்ல இருந்ததை எல்லாம் வேறாக ஒரு கடிதத்தில் எழுதுவதாக இருந்தேன். கார்ட்டில் எழுதப்போய்ப் பிழை விட்டால் காலாகாலத்துக்கும் அந்தோனியாருக்கு முன்னால் அந்தப் பிழை நிற்கும். ஆகவே என் பெயரை மட்டும் எழுதினேன். மரியதாஸ் யேசுதாசன்.

கடைசியாகத் திகதி. ரீச்சரிடம் உருட்டுகிற திகதிச் சீல் ஒன்று இருந்தது. கார்ட் செய்த நாளை எல்லாரும் கீழே குத்தினார்கள். நான் அதற்கு மேலும் ஒன்று யோசித்தேன். அக்காவைக் கடைசியாகக் கண்டது ஏழு வருடத்துக்கு முந்தி, முல்லைத்தீவு பஸ் நிலையத்தில், பஸ் வெளிக்கிடும்போது யன்னலுக்குள்ளால் ஒரு பாணும் வாழைப்பழமும் நீட்டினார். அந்த நாளை நான் மறக்கவில்லை என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். சீலை உருட்டி அந்தத் திகதியை இடது பக்கம் குத்தினேன். அன்றைய திகதியை வலது பக்கம் குத்தினேன். நடுவில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு.

ரீச்சர் வந்து எடுத்துப் பார்த்தார். எவ்வளவு அமைதியான கார்ட் என்று சொன்னார்.

4

கடிதம் எழுதினேன். ஆறு பக்கம். கடவுச்சீட்டுக் கதை, நுளம்பு வலை, கதிரை, என் நித்திரை எல்லாம் அதில் இருந்தது. உறையில் விலாசம் எழுதியது ஜெனிற்றா. என்னுடைய கையெழுத்துக்குத் தபால்காரர் பயந்துவிடுவார் என்பது அவளுடைய வாதம். அனுப்புபவர் என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதிவிட்டாள்.

இங்கே தபால் கந்தோர் என்று தனியாக இல்லை. பலசரக்குக் கடையின் மூலையில், கிழங்குக்குப் பக்கத்தில் அந்த வேலை நடக்கிறது. அங்கே நின்ற பிள்ளை ஒரு பிளாஸ்ரிக் பலகையை எடுத்தாள். அதில் ஒரு பிளவு. உறை அதற்குள்ளால் போனால் கடிதம், போகாவிட்டால் பொதி. என்னுடையது பாதியில் இறுகியது. பொதி என்றால் உள்ளே இருப்பதைப் பத்திரத்தில் எழுத வேண்டும், சுங்கம் பார்க்கும் என்றாள். உள்ளே என்ன என்று கேட்டாள்.

“என் முகம்” என்றுதான் எனக்கு அந்த மொழியில் சொல்ல வந்தது. அந்தப் பிள்ளை பத்திரத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள்.

சுங்கம் என்ற சொல்லோடு எனக்கு வியர்த்துவிட்டது. கொழும்பில் கார்ட்டைப் பிரித்து, இலைக்கொடியை ஏதோ சங்கேதம் என்று நினைத்து, அக்காவை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்கிற வரைக்கும் போய்விட்டேன். ஓரமாக நின்று உறையைத் திறந்து கடிதத்தை வெளியில் எடுத்தேன். இப்போது உறை பிளவுக்குள்ளால் வழுக்கிக்கொண்டு போனது. கடிதத்தை அடுத்த கிழமை தனியாக அனுப்பலாம், அதற்கிடையில் பிழையும் திருத்தலாம் என்று நினைத்தேன். திருத்தினேன். இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

5

நத்தார் முடிந்தது, வருடம் பிறந்தது, அக்காவிடம் இருந்து ஒரு அசுமாத்தமும் இல்லை. தை நடுப்பகுதியில், இலங்கை நம்பர் ஒன்றில் இருந்து எனக்கு ரெலிபோன் வரத் தொடங்கியது. தெரியாத நம்பர். ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம்.

“எடுத்துப் பாருங்கோவன்” என்றாள் ஜெனிற்றா.

நான் எடுக்கவில்லை. இப்படி எடுத்தவர்களுடைய வங்கிக்கணக்கு எல்லாம் காலியாகிப்போன செய்தியை வாசித்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த நம்பரைத் தடுத்தும் வைத்தேன். அது அத்தானுடைய புது நம்பர் என்று பிறகுதான் தெரிந்தது. பழைய ரெலிபோன் வள்ளத்தில் இருந்து கடலுக்குள் விழுந்ததாம்.

அடுத்த திங்கட்கிழமை, தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை. பிரான்சில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் ஜெனிற்றாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். “தங்கள் கணவரின் பிரிவால் துயருறும் உங்களுக்கும் மகளுக்கும் எமது ஆழ்ந்த அனுதாபங்கள். நேற்றைய பூசையில் ஊரே அழுதது.” அதற்குக் கீழே ஜெனிற்றா எழுதியிருந்தாள்: “என்ன இது? நீங்கள் வேலையிலைதானே?”

முதலில் என் கையைப் பார்த்தேன். நீலக் கையுறைக்குள் விரல் ஆடியது. தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று, தடுத்து வைத்த அந்த நம்பரை விடுவித்து அடித்தேன். அத்தான்தான் எடுத்தார்.

“ஆர்?”

“நான் தாசன், அத்தான்.”

பின்னால் கடல் இரைந்தது.

“எந்தத் தாசன்?”

“உங்கடை மச்சான் தாசன். நோர்வேத் தாசன்.”

“பொறும்” என்றார். எனக்கு ஒரு நாளும் அவர் ‘பொறும்’ என்று மரியாதை தந்ததில்லை. பிறகு ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே யாருக்கோ சொல்லுவது கேட்டது. “இஞ்சரப்பா, செத்தவர் லைனிலை நிக்கிறார்.”

பிறகு அத்தான் விபரம் சொன்னார். கார்ட் தை இரண்டாம் கிழமைதான் வந்ததாம். உறையில் ஜெனிற்றாவின் கையெழுத்து, ஜெனிற்றாவின் பெயர். பிரித்தால் கடிதம் இல்லை, ஒரு சொல் இல்லை. வெள்ளை மட்டையில் கறுப்பு மை, முட்டை வட்டத்துக்குள் சிரிக்காத முகம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி, மேலே புறா, கீழே முழுப்பெயர், இரண்டு திகதி, நடுவில் கோடு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், பூசை முடிந்து வெளியில் வரும்போது ஆளுக்கொன்று கையில் தருகிற நினைவு அட்டை அச்சொட்டாக இப்படித்தான் இருக்கும். வாங்கிக்கொண்டு போய்ச் சுரூபத் தட்டில் வைப்போம். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேருடையதை நானே வாங்கி வைத்திருக்கிறேன். செய்கிறபோது ஒரு கணம்கூட எனக்கு அது ஞாபகம் வரவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு வராதுதானே.

“திகதி பிழை எண்டு நான் சொன்னனான்” என்றார் அத்தான். “பிறந்த திகதியைப் பாத்தா உனக்கு ஏழு வயதெல்லோ வருது. உன்ரை அக்கா கேக்கேல்லை. அங்கை பிரசாவுரிமை குடுத்த நாளிலையிருந்துதான் வயது எண்ணுவினமாக்கும் எண்டவா.”

“எனக்கு ஒருக்கா எடுத்துக் கேட்டிருக்கலாமே, அத்தான்.”

“எத்தினை தரம் எடுத்தனான். நீ எடுத்தனியே? செத்தவன் எப்பிடி எடுக்கிறது எண்டு கொக்கா அதுக்கும் அழுதவா.”

ஜெனிற்றாவுக்கு எடுத்துக் கேட்க அக்கா விடவில்லையாம். முப்பத்தோராம் நாள் அட்டை வந்துவிட்டது என்றால் அடக்கமும் முடிந்திருக்கும். ரெலிபோனில் சொல்லாமல் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள் என்றால், இரண்டு வருடமாக ரெலிபோனுக்கு வராதவளுக்குத் தண்டனையாகத்தான் அப்படிச் செய்திருப்பார்கள். இனி எந்த முகத்தோடு எடுத்துக் கேட்பது. அப்படிச் சொல்லிவிட்டு மூன்று நாள் குசினிப் பக்கமே போகவில்லையாம். அதற்குப் பிறகுதான் எழும்பிப் போய்ப் பாதரிடம் பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

என் வாழ்க்கையில் நான் பயந்த நூறாயிரம் விஷயத்தில், எனக்காக ஒருவர் மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பார் என்பது இருக்கவில்லை.

“அக்கா எங்கை, அத்தான்?” என்று கேட்டேன். தோய்ச்சல் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

ரெலிபோன் கைமாறுகிற சத்தம் கேட்டது.

“டேய்” என்றார் அக்கா. இரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் சொல் அதுதான்.

“ஓம், அக்கா.”

“நீ உயிரோடையோ இருக்கிறாய்?”

“ஓம், அக்கா. வேலையிலை நிக்கிறன்.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கேட்டார்: “அப்ப ஏனடா அந்த மூஞ்சை?”

“அது பாஸ்போட்டுக்கு எடுத்தது. சிரிக்கக் கூடாதாம்.”

“நத்தாருக்கு அனுப்பிற படமோடா அது? ஆரும் கறுப்பு மையிலை மெழுகுதிரி கீறுவினமோ? அங்கை சிவப்பு மை விக்கிறேல்லையோ?”

உப்புக்காற்றுக்கு ஊறும் என்று சொல்லத் தொடங்கினேன். அக்கா அரைமணித்தியாலம் ஏசினார். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஏசினார். கல்யாணத்துக்கு வராததற்கு, கதிரைக்கு, நம்பரைத் தடுத்ததற்கு, எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாயாற்றுக்கு ஓடியதற்கு என்று பின்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தார். இடைவேளை முடிந்து மணியும் அடித்தது. கையில் பனி உறைய உறைய நான் வெளியில் நின்று கேட்டேன். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து என்ன பிரச்சினை என்று சைகையால் கேட்டார். எல்லாம் நல்லம் என்று கட்டைவிரலைக் காட்டினேன்.

ஒப்புக்கொடுத்த பூசையைத் திருப்பி எடுக்க ஏலாது என்று பாதர் சொல்லிவிட்டாராம். செபம் ஒன்றும் வீணாகப் போகாது, செத்துப்போன எங்கள் அப்பாவின் கணக்கில் சேர்ந்துவிடும் என்றாராம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்குப் பிறகு, போன கிழமை பெயர் வாசிக்கப்பட்டவர் சுகமாக இருப்பதாகவும் அறிவித்தார். சனம் கைதட்டியதாம். அழுத ஒரு சிலருக்கு என்னோடு இன்னும் கோபம். அத்தானோ, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று கிராம சேவையாளரிடம் சீல் வாங்கித் தரட்டோ என்று இப்போதும் எடுக்கிற நேரமெல்லாம் கேட்கிறார்.

ஏசி முடித்ததும் நான் சொன்னேன்: “அக்கா, இனி அந்தக் கார்ட்டை எடுத்து எறிஞ்சிடுங்கோ.”

“நான் எடுக்க மாட்டன்” என்றார். “நீ வந்து உன்ரை கையாலை எடு. அது மட்டும் அது அந்தோனியாருக்குப் பக்கத்திலைதான் நிக்கும்.”

6

அது அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு கிழமையும் அக்கா கதைக்கும்போது அதன் நிலவரத்தையும் சொல்லுவார். ஆனியில் சோளகக் காற்றுக்கு ஒரு தரம் விழுந்ததாம், தூக்கி நிறுத்தியாயிற்றாம். மை ஊறவில்லை, ரீச்சர் சொன்னது உண்மை. வீட்டுக்கு வருகிற புது ஆட்கள், அது யார், எப்போது மோசம் போனவர் என்று கேட்கிறார்களாம். அக்கா விளங்கப்படுத்தப்போக, தேத்தண்ணி ஆறிவிடுகிறதாம்.

இந்த முறை பள்ளிக்கூடத்துக் கடிதம் வந்ததும் நான் பயப்படவில்லை. ஷரோனோடு போனேன். பிளவுக்குள்ளால் போகிற மாதிரி மெல்லிய கார்ட் செய்யலாம் என்று ரீச்சர் சொன்னார். தபாலில் போடப் போவதில்லை என்று சொன்னேன். அடுத்த கிழமை மூன்று பேரும் புறப்படுகிறோம். கடவுச்சீட்டைப் பன்னிரண்டு தரம் பார்த்துவிட்டேன். என்னுடையது ஆறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. மற்ற இரண்டும் சரி. சரியென்று ஜெனிற்றாவும் பார்த்தாள். இருந்தாலும் இதை எழுதி முடித்ததும் இன்னொரு தரம் பார்ப்பேன். ஆறு படமும் எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிறவனுக்குப் படம் தேவைப்படும்.

ஷரோன் தன் பெரிய மாமியான அக்காவுக்கென்று தானே ஒரு கார்ட் செய்திருக்கிறாள். சிவப்பு, பச்சை, தங்கம் என்று கையில் இருந்த எல்லா மையும் அதில் இருக்கிறது. பனி மனிதன் மட்டும் ஒன்பது. தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள், ஒரு எழுத்து தலைகீழாக நிற்கிறது. திருத்த நான் விடவில்லை. என்னுடைய கார்ட் எடுபட்ட இடத்தில் அது நிற்கட்டும்.

நேற்று அக்கா எடுத்தார். முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கே வந்து நிற்பாராம். கோயிலடிச் சனமும் கொஞ்சம் வரும், செத்தவனாகப் பெயர் வாசிக்கப்பட்டவனைப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறார்கள் என்றார். என்ன கொண்டு வர, அக்கா, என்று கேட்டேன்.

“ஒண்டும் வேண்டாம்” என்றார். “பஸ்ஸாலை இறங்கேக்கை சிரிச்சுக்கொண்டு இறங்கு. அந்தப் படத்திலை நிக்கிற மாதிரி இறங்கினியெண்டால் சனம் ஓடிடும்.”

தொழிற்சாலைக் கழிவறையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. இரண்டு நாளாக இடைவேளையில் அதற்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை, வருகிறது.